பந்தி வஞ்சனை

கடற்பாசிப் பொடி தின்ற ஆறு பசுக்களின் ஏப்பத்தில் மீத்தேன் குறைந்திருந்தது. அதில் அதிதிக்கு வியப்பில்லை, பொடி அதற்காகத்தான். பொடியைக் கண்ணில்கூடக் காட்டாத மற்ற ஆறிலும் குறைந்திருந்ததுதான் அவளை உலுக்கியது. பசுக்களின் கழுத்தில் தொங்கவிட்டு மூச்சைப் பிடிக்கும் குப்பிகளை மாற்றிப் பார்த்தாள். கருவியை மறுபடி சோதித்தாள். எதிலும் கோளாறு இல்லை. திங்கட்கிழமை ஆய்வு வழிகாட்டி சீனிவாசராகவன் சாரிடம் அறிக்கை தர வேண்டும். இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால், நாற்பது நாள் ஆய்வை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு தேடச் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை காலை, பெங்களூரில் ஹெப்பாளைத் தாண்டியிருந்த பண்ணைக்குத் தீவன நேரத்திலேயே போய்விட்டாள். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து தீவனம் வைக்கும் முனிராஜ், பசுக்களுக்கு நடுவே குனிந்திருந்தார். ஒன்று விட்டு ஒன்றுக்குத்தான் பொடி கலந்த தீவனம். அவர் அதில் பாதியை அள்ளி அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“பங்கு வெக்கிறேன் மேடம். ஒரே வரிசையில நிக்க வெச்சுட்டு, ஒருத்திக்குப் போட்டு ஒருத்திக்குப் போடலன்னா அது பந்தி வஞ்சனை இல்லியா? பாவம், இவ மூஞ்சியப் பாருங்க.”

“எத்தனை நாளா?”

“மொத நாள்லேர்ந்தே. ஏப்பம் கொறையும், நல்ல மருந்துன்னு நீங்கதான சொன்னீங்க? எங்க மாமியாருக்கே ஒரு கை கேக்கலாம்னு இருந்தேன்.”

சுவரில் அவள் ஒட்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எந்தப் பசுவுக்கு எத்தனை கிராம் என்று இருந்தது. மற்றதற்கு ஏன் கூடாது என்று இல்லை. வாயால் சொல்லியிருக்கலாம். நாற்பது நாளும் கூச்சத்தில் ‘குட் மார்னிங்’ என்பதோடு நகர்ந்துவிட்டாள்.

இப்போது சொன்னாள், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, நிதானமாக. பொடி தின்னாத பசு பக்கத்தில் இருந்தால்தான் தின்றதில் என்ன மாறியது என்று தெரியும். முனிராஜ் கையிலிருந்த தீவனத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அப்ப நாப்பது நாளும் போச்சா?”

“போச்சு.”

“என்னை வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்களா மேடம்?”

அவள் அவர் எதிரிலேயே சாருக்கு போன் போட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “யார் தப்பு இது?” என்றார் சார்.

“என்னுது சார். நான் அவருக்கு விளக்கவே இல்ல. முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.”

“இது கடைசி தடவை,” என்று சார் போனை வைத்துவிட்டார்.

பழைய பொடியின் பாதிப்பு விலக, இரண்டு வாரம் எந்தப் பசுவுக்கும் பொடி இல்லை. அது முடிந்த அன்று, முனிராஜ் எங்கிருந்தோ பச்சை நிழல்வலை வாங்கிவந்து, ஒவ்வொரு பசுவுக்கும் நடுவே இழுத்துக் கட்டினார். அதிதி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் எறக்கணும்ல?” என்றாள்.

“போதும் மேடம், பக்கத்துத் தொட்டி இவளுங்க கண்ணுக்குத் தெரியாது.”

முதல் தொட்டியில் பொடி விழுந்தது. வலை காற்றில் புடைத்து அடங்கியது. அதன் அடியிலிருந்து ஈரமான, சாம்பல் நிற நாக்கு ஒன்று மெல்ல நீண்டு, பக்கத்துத் தொட்டியின் விளிம்பைத் தடவித் தேடியது.