அழுகைக் காட்சியில் சிரித்தவன்

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டருக்கு விடுமுறை. காத்திருப்பு அறை சினிமாப் பேச்சுக்கென்றே ஆகிவிடும். நீளப் பெஞ்சில் மருந்துக்கடைக்காரர், எதிரே தையல்காரர், ஜன்னலோரம் எல்லார் முகமும் தெரிகிற நாற்காலியில் தம்பி. மேஜைக்குப் பின்னால் அவன் அக்கா. கிளினிக்கில் பெயர் பதிபவள் அவள். வருகிற நோயாளிகளெல்லாம் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

தம்பிக்குப் பத்து வயதில் காது போயிற்று. பேச்சு போகவில்லை, குரல்தான் கூரையைத் தொட்டது. உதட்டைப் பார்த்தே ஆள் பேசுவதைப் பிடித்துவிடுவான்.

தியேட்டர் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்: காலைக் காட்சி மௌனப்படத்துக்கு ஆள் வருவதில்லை, அடுத்த வாரம் முதல் அப்போதும் புது மசாலாப் படமே ஓடும், ஆட்சேபணை இருந்தால் இன்று மதியத்துக்குள் தக்க காரணத்தோடு எழுதவும். அந்தக் காட்சியில்தான் தம்பி யாரையும் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்காமல் படம் பார்க்கிறான். ஆனால் அதைக் காட்டி இரக்கம் கேட்க அக்காவுக்கு இஷ்டமில்லை. கடிதத்தில் ‘பொருள்’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, பேனாவை நிறுத்தியிருந்தாள்.

“கலைன்னு எழுதும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “புருஷன் பொணத்து மேல விழுந்து அழறாளே, அந்த ஒரு காட்சி போதும்.”

“அண்ணே, அந்த நேரத்துல நான் தூங்கிட்டேன்,” என்றார் தையல்காரர். “புதுப்படத்துல தூங்க முடியுமா? ஒரே அடியில ஏழு லாரி பறக்குது!”

“எட்டாவது உங்க மூளை,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எனக்கு ரெண்டும் பிடிக்கும்,” என்று தம்பி முழங்கினான். “புதுப்படத்துல நாற்காலியே அதிருது, நெஞ்சுல சத்தம் கேக்குது.”

மருந்துக்கடைக்காரர் அவன் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: “போன வாரம் அந்த அழுகைக் காட்சியில சிரிச்சியே, ஏன்டா? மானம் போச்சு.”

“அவ அழவே இல்லண்ணே! பொணத்தைத் திட்டறா. ‘மூச்சு விடாதய்யா, வயிறு ஏறி எறங்குது’ங்கறா!”

தையல்காரர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “பொணம் என்னடா சொல்லிச்சு?”

“‘உன் முழங்கையை எடு’ன்னுச்சு.”

மருந்துக்கடைக்காரர் முகத்தை இறுக்கிக்கொள்ள முயன்றார், மீசை ஒத்துழைக்கவில்லை. “இரு. கல்யாண சீன்ல அந்த மாமனார் காதுல ஏதோ சொல்வாரே?”

“அது அடுத்த தடவை பாத்தாத்தான் தெரியும். அன்னைக்கு நீங்க குறுக்க எழுந்து போனீங்க.”

“அப்போ இன்னொரு தடவை பாக்கணுமே!” தையல்காரர் எழுந்தே விட்டார். “கடையில நாலு பேரு, என் மச்சான் குடும்பம்... எல்லாரையும் இழுத்துட்டு வரேன். தம்பி நடுவுல உக்காரட்டும்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். “சரியாடா? ஊரே உன்னைப் பாக்கும்.”

“பாக்கட்டும்க்கா. நான்தானே அன்னைக்கு வசனம்.”

அவள் பேனா ஓடத் தொடங்கியது.

‘ஐயா, வணக்கம். வரும் ஞாயிறு காலையும் அதே மௌனப்படத்தையே திரையிட வேண்டுகிறோம். காரணம்: படத்தில் உள்ளவர்கள் உண்மையில் என்ன பேசுகிறார்கள் என்பதை என் தம்பி உரக்கச் சொல்வான். நடு வரிசை முழுவதையும் எங்களுக்கு ஒதுக்கவும். ஓர் இருக்கை தங்களுக்கு.’

மருந்துக்கடைக்காரர் வாங்கிப் படித்து, ‘உரக்க’ என்ற சொல்லைத் தொட்டுத் தலையாட்டினார். அக்கா தாளை மூன்றாக மடித்து, உறையில் இட்டு, ஓரம் பிசகாமல் பசை தடவி ஒட்டி, கிளினிக் முத்திரையையும் ஒரு குத்துக் குத்தினாள். தையல்காரர் அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு தியேட்டரை நோக்கி ஸ்கூட்டரை விரட்டினார்.