மலர் பக்கத்து டயர்

வெள்ளிக்கிழமை காலை, நாட்டின் வடகோடியில் ராசமலரின் கணவர் இருந்த மறுவாழ்வு இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் நிலை மோசம் என்று, முடிந்தால் இன்றே வரச் சொன்னாள் தாதி. நாளைக்குப் பனிப்புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

ராசமலர் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்துப் பார்த்தாள். அவள் இருந்த கிரின்ஸ்டெட்டிலிருந்து அங்கே மூன்று மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலை என்றால் எப்போதும் அவள் கணவர் நவரத்தினம்தான் ஓட்டுவார். ஜூன் மாதம் பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சையும் வலக்கையையும் கொண்டுபோய்விட்டது. அதன்பின் அவளை யாராவது அங்கே கூட்டிப்போனார்கள். இன்று வேலைநாள், ஒருவரும் கிடைக்கவில்லை. காரிலோ இன்னும் பனியில் வழுக்கும் கோடை டயர்கள்.

திருநீற்றைப் பூசிக்கொண்டு குருசுமுத்துவின் கராஜுக்குப் போனாள். குளிர்கால டயர்களைக் கோடை முழுவதும் அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். அந்த அறைக்கு 'டயர் ஹோட்டல்' என்று பெயர்.

"வாங்கோ அக்கா. உங்கட நாலு பேரும் ஹோட்டலில நல்லா நித்திரை கொண்டு எழும்பியிருக்கினம்" என்றவன், அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினான்.

"இண்டைக்கே போகோணும், தம்பி."

"தனியவோ?"

"ஓம்."

வரிசையில் மூன்று கார்கள் நின்றன. அவன் அவளுடைய காரை முதலில் உள்ளே எடுத்தான்.

டயர்களை உருட்டி வந்தபோது அவள் பார்த்தாள். சித்திரையில் கழற்றும்போது நவரத்தினம் வெள்ளைச் சோக்கால் எழுதியது, தரையில் படும் பக்கத்தில் அப்படியே இருந்தது. பின் டயர்களில் இடம், வலம். சாரதி இருக்கும் முன் இடப்பக்கத்து டயரில் 'நான்'. முன் வலப்பக்கத்து டயரில் 'மலர்'.

"நாங்கள் லேபிள் ஒட்டுறனாங்கள்தானே, ஏன் அண்ணை உந்தக் கிறுக்கல் எண்டு பகிடி பண்ணினனான். வழமையாக் கழுவித்தான் அடுக்கிறது, இந்த முறை ஆனிவரைக்கும் பிந்திப்போச்சு. கழுவ எடுக்கேக்க அண்ணைக்கு இப்பிடி எண்டு கேள்விப்பட்டன். கை வரேல்லை, அக்கா."

ராசமலர் 'மலர்' மீது உள்ளங்கையை வைத்தாள். எழுதிய கை இனி எழுதாது.

"ஓடினால் அழிஞ்சிடும்" என்றான் குருசுமுத்து. "இதுகளை வைச்சிருங்கோ. என்ர காரில இருக்கிறதைக் கழற்றிப் பூட்டிவிடுறன். அளவு ஒண்டுதான்."

அவள் டயரிலிருந்து கையை எடுத்தாள்.

"வைச்சுப் பாக்கவோ தம்பி எழுதினவர்? ஓடத்தானே எழுதினவர். பூட்டுங்கோ."

அவன் பூட்டினான். முன்கண்ணாடி கழுவும் உறையாத தண்ணீர் நிரப்பினான். தன் காரிலிருந்து பனி அள்ள ஒரு மண்வெட்டியும் ஒரு போர்வையும் எடுத்து அவளுடைய காரில் வைத்தான்.

"பிறேக்கைச் சடாரெண்டு மிதியாதேங்கோ. அண்ணை காத்திருப்பார்."

ஓல்போர்க் நகரம் தாண்டியதும் வெட்டவெளி. காற்று வயல்களிலிருந்து பனியை வாரிச் சாலையில் இறைத்தது. எழுத்து எப்போதோ அழிந்திருக்கும். முருகா, முருகா என்று வாய் முணுமுணுக்க, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லவே போனாள். பெரிய உதவிகளை ஆண்டவன் எப்போதாவதுதான் அனுப்புகிறான். சின்னவற்றை அன்றாடம் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறான்.

அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்ததும் நவரத்தினம் கண் திறந்தார். இடக்கையை மெல்ல உயர்த்தி, சன்னலுக்கு வெளியே நின்ற காரைக் காட்டினார்.

"பூட்டியாச்சு, இஞ்சாருங்கோ. நீங்கள் எழுதின மாதிரியே."

அவர் விரல்கள் அவள் கையைத் தேடின. அவளுடைய உள்ளங்கை ரேகைகளுக்குள் கொஞ்சம் சோக்கின் வெள்ளை ஒட்டியிருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுவதும் சாலை மூடிக் கிடந்தது. ஞாயிறு விடிகாலையில் அந்த விரல் குளிர்ந்தபோது, குருசுமுத்துவின் போர்வையைப் போர்த்தபடி அவள் அவர் பக்கத்தில் இருந்தாள்.