கடைசிப் பெட்டி

வாரத்தில் ஆறு நாள், ஊரில் யாரும் படி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் லிப்ட்காரரின் பிழைப்பு. ஏழாவது நாள் அவரே தேடிப்போய் மலை ஏறுவார். காலையில் நகரத்திலிருந்து காரை எடுத்தால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய மலை, காடு, அருவிப் பாதை எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எங்கே வண்டியை நிறுத்தலாம், எந்த இடத்தில் கால் வழுக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவுக்கும் அவர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். லிப்ட் மாட்டித்தருகிற அவருடைய கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மனைவிக்குச் சலவைக் கடையில் கவுண்டர் வேலை. துணியை வாங்கி, சீட்டுக் குத்தி, ஹேங்கரில் மாட்டி, நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்கார வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. ஆனால் புருஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தானே என்று அவளும் கிளம்பிவிடுவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம், மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் தொடர்ந்தது.

அவள் நடை மெதுநடை. அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். அதற்காகக் கட்டினவளை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. அப்படி யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒவ்வொரு வளைவிலும் நல்ல நிழலாகப் பார்த்து, பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார். தூரத்தில் அவள் தலை தெரிந்ததும், "கடைசிப் பெட்டி வந்துடுச்சு! கெளம்பலாமா?" என்று கத்துவார். அவள் வந்து சேர்வதற்குள் எழுந்து பையை மாட்டியிருப்பார். பாட்டிலை அவள் கையில் திணித்து, "குடிச்சிட்டே வா" என்று நடையைக் கட்டிவிடுவார். அந்த ரயில் பெட்டிப் பட்டப்பெயரைக் கேட்டு வழியில் போகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், சிரிக்க மூச்சு மிச்சமிருந்தால்.

உச்சியிலும் இதே கதைதான். அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுக்கத் தெரியும். தான் லிப்ட் போட்ட கட்டடங்களை ஆற அமர ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அவர் முடித்திருப்பார். அவள் வந்து சேரும்போது இறங்குகிற நேரமாகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "முட்டி வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், இனிமேல் வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட அவருக்கு இருந்தது.

போன வருடம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பல மாதம் வீட்டிலேயே அடைந்துகிடந்த மனிதரிடம், "நடக்கலாம், ஆனா தனியாப் போகக் கூடாது" என்று டாக்டர் சொன்னதும், அந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகன் காரோடு வந்து நின்றான். தங்கமான பையன். வாய்க்கு வாய் மாமா என்பான்.

அருவிப் பாதைக்குப் போனார்கள். மருமகன் முன்னால் போனான். லிப்ட்காரர் நாலடிக்கு ஒருமுறை நின்று, மரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கினார். முதல் வளைவில், அவர் வழக்கமாக உட்காரும் அதே பாறையில் மருமகன் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"வந்துட்டீங்களா மாமா! கெளம்பலாமா?"

கொஞ்சம் இருப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சின்னப் பையனைக் காக்க வைத்துவிட்டோமே என்று கூச்சம். தலையாட்டிவிட்டு நடந்தார். அடுத்த வளைவிலும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த வளைவில் அவன் எழுந்து பையை மாட்டுவதைக் கீழேயிருந்தே பார்த்தவருக்குச் சுருக்கென்றது. அவன் எல்லா வளைவிலும் இளைப்பாறிவிட்டான். அவர் ஒன்றில்கூட உட்காரவில்லை.

"என்னாச்சு மாமா? மொகமே சரியில்ல."

"ஒண்ணுமில்லப்பா. திரும்பிடலாம்."

காரில் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எந்த மலையிலாவது மனைவி உட்கார்ந்து, தான் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று தேடினார். மலை மலையாகத் தேடினார். கடைசிப் பெட்டி, கடைசிப் பெட்டி என்று தானே கத்தியதுதான் காதில் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது அவளை அழைத்துப்போய் ஒரு பாறையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மருமகன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். படியேறினால், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். ஒரு கையில் பாலும் ரொட்டியும் இருந்த பை, இன்னொரு கையில் படியின் கைப்பிடிக் கம்பி. வெற்றுக்கையோடு ஏறியும் அவருக்கு இரைத்தது. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் இரண்டு படி மேலே போனார். பிறகு திரும்பி வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.

"என்னங்க? நெஞ்சு வலிக்குதா? மாத்திரை எங்க?" என்று அவள் பதறிவிட்டாள். அவள் வந்து சேர்ந்த பிறகு அவர் உட்கார்ந்தால், அது நெஞ்சுவலியாகத்தான் இருக்க முடியும்.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. சும்மா, உன்கூட உட்காரலாம்னு."

"இங்கயா? வீடு இந்தா இருக்கு."

"அடுத்த ஞாயித்துக்கெழம நீயும் வாம்மா. நீ முன்னாடி நட, நான் பின்னாடி வரேன். நீ சொல்ற எடத்துல உட்காரலாம். உச்சிக்குப் போகலன்னாலும் பரவாயில்ல."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"இந்த மூணு மாடியே எனக்கு மலையா இருக்கு. அப்பவே இப்படிக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். இப்ப எங்கங்க..."

"அப்பத் தெரியலம்மா."

என்ன தெரியவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. நகர்ந்து இடம் விட்டு, படியைக் கையால் தட்டிச் சுத்தம் செய்தார்.

"இப்பவாவது கொஞ்சம் உட்காரு."

"இவ்வளவு தாழ உட்கார்ந்தா அப்புறம் எழுந்திரிக்க முடியாதுங்க. முட்டி அப்படி ஆயிடுச்சு. நீங்க உட்காருங்க, நான் நிக்கிறேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் தோளை அழுத்தி அவரை உட்கார வைத்தாள். கம்பியைப் பிடித்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு, அவருக்கு மூச்சு ஆறும் வரை பொறுமையாக நின்றாள். ஆறியது தெரிந்ததும், "கெளம்பலாமா?" என்று கேட்டாள்.