பக்கத்து இருக்கையில் வெள்ளைச் சதுரம்

மகன் டிபெரியு வீட்டை விட்டுப் போனபிறகு அவனைப் பற்றி லுக்ரேசியாவுக்குச் சேதி சொன்னது ஜெர்மனியின் போக்குவரத்து அபராத ஆபீஸ் மட்டும்தான். சேதி சொல்லும் எண்ணமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. அவன் எடுத்துக்கொண்டு போன கார் அவள் பெயரில் இருந்தது. அங்கே வேகமாகப் போனால் கேமரா படம் பிடிக்கும். நம்பரை வைத்து ருமேனியாவில் கேட்பார்கள், இங்கே பதிவேட்டைப் பார்த்து அவள் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டியது யார் என்று கேட்டு, படத்தோடு ஒரு கடிதம் அவள் ஊரான ஓர்ஷோவாவுக்கு வந்து சேரும்.

இரண்டு நாடுகள் கைகோத்துக்கொண்டால் நாற்பது யூரோவுக்காக ஒரு பொம்பளையின் வீட்டை எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்கின்றன! மகனைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று போனால் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் கையை விரித்தார்கள். முப்பத்தொரு வயது ஆள், தன் இஷ்டத்துக்குப் போனவன், நாங்கள் என்ன செய்வது என்றார்கள்.

இஷ்டத்துக்குத்தான் போனானா? புருஷன் செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில் அவன் குடித்துவிட்டு வந்து பந்தியில் தடுமாறி விழுந்தான். ஊர் முன்னால் மானம் போன ஆத்திரத்தில், "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், எங்கயாவது தொலஞ்சு போ" என்று கத்தினாள். மறுநாள் காலையில் காரும் இல்லை, அவனும் இல்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

முதல் கடிதம் வந்த அன்று தபால்காரி ஸம்ஃபிரா வாசலிலேயே சிரித்தாள். "அக்கா, ஜெர்மன்காரன் லவ் லெட்டர் போட்டிருக்கான். முத்திரையெல்லாம் குத்தி!"

பக்கத்து வீட்டு பொம்பிலியு இருபது வருஷம் லாரி ஓட்டியவர். படித்துச் சொன்னார். "ஜெர்மனியில காஸல் ஊர்ப் பக்கத்து இறக்கம். அந்தப் பாழாப்போன கேமரா என்னையே மூணு தடவ புடிச்சிருக்கு."

அது அவள் காதில் விழவில்லை. படத்தில் டிபெரியு ஒரு கையில் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையில் கடித்த ரொட்டியையும் பிடித்திருந்தான். உயிரோடு இருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அபராதத்தை அன்றைக்கே கட்டினாள். கட்டிவிட்டால் யார் ஓட்டினார் என்று மேலே கிளற மாட்டார்களாம். படிவத்தில் 'விளக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. "அம்மாவுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கன்னு அதுல எழுதுங்கண்ணே" என்றாள்.

"இது அபராத ஆபீஸ், லுக்ரேசியா. கல்யாண புரோக்கர் ஆபீஸ் இல்ல."

திட்டினாரே தவிர, எழுதியும் கொடுத்தார். உங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது, தொகையில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

அடுத்து ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று வந்தது. அக்டோபர் படத்தில் தாடி வைத்திருந்தான், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டே, பிள்ளை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டாள். எந்தத் தாயாவது அப்படி வேண்டுவாளா? அவள் வேண்டினாள்.

பிறகு குளிர்காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் வந்தது. பொம்பிலியு கவரைப் பிரித்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னண்ணே? இளைச்சிருக்கானா?"

அவர் படத்தை நீட்டினார். அதே கார், அதே நம்பர். ஓட்டியவன் யாரோ ஒரு வழுக்கைத் தலையன், ஐம்பது வயசு இருக்கும். பக்கத்து இருக்கை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம்.

"இது என்ன, காகிதம் ஒட்டினாப்ல?"

"பக்கத்துல இருக்கவங்க மூஞ்சிய மறைச்சிடுவான். அவங்க மேல கேஸ் இல்லைல்ல. அடுத்தவங்க விஷயமாம்."

"அப்ப, பக்கத்துல ஆள் இருக்கு."

"இருக்கு."

"அவன்தான். தூங்கிட்டு வர்றான். ராத்திரி வேலை பாத்த களைப்பு. கூட்டாளி ஓட்டறான்."

எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கும் பொம்பிலியு, படத்தைக் கசங்காமல் கவருக்குள் வைத்துக் கொடுத்தார்.

அந்தச் சதுரத்தை எடுத்துவிட்டு ஒரு படம் அனுப்புங்கள், பணம் எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்று எழுதச் சொன்னாள். மூன்றாம் நபரின் அந்தரங்கத்தை வெளியிட இயலாது என்று பதில் வந்தது. பெற்ற பிள்ளை எப்படி மூன்றாம் நபரானான்? பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்ததில், சதுரத்துக்குக் கீழே ஒரு முழங்கை தெரிந்தது.

"நீலச் சட்டைண்ணே. அவன்கிட்ட நீலச் சட்டை இருந்துச்சு."

"உலகத்துல எவன்கிட்ட இல்ல?" என்றவர், படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கார் திருட்டுப் போச்சுன்னு எழுதிக்குடு. ஒரு வாரத்துல அங்க போலீஸ்காரன் மறிச்சுடுவான். யாரு உக்காந்திருக்கான்னு தெரிஞ்சுபோகும்" என்றார்.

"அவன் கையில விலங்கு மாட்டிட்டா?"

"மாட்டட்டுமே. விலங்கு மாட்டறதுக்கு ஆள் வேணும்ல."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஒன்பது நாள் யோசித்தாள். பத்தாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள், பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

மூன்று வாரத்தில் கூப்பிட்டார்கள். இளம் அதிகாரி ஒருவன் உட்காரச் சொன்னான். பொம்பிலியு பின்னால் நின்றார்.

"கார் கிடைச்சிடுச்சும்மா. காஸல் பக்கத்துல மறிச்சிருக்காங்க."

"யாரு இருந்தா?"

"படத்துல இருக்கற அதே ஆளு. நவம்பர்ல ஒரு பார்க்கிங்ல ரொக்கம் குடுத்து வாங்கினாராம். வித்தவன் பேரு தெரியாதுங்கறாரு. தாடி வச்சிருந்தான், குளிர்ல நடுங்கிட்டிருந்தான், சொன்ன விலைக்குக் குடுத்துட்டான்னு மட்டும் சொல்லியிருக்காரு."

"படத்துல பக்கத்துல உக்காந்திருந்தது?"

அதிகாரி தாளைப் புரட்டினான். "அவரு சம்சாரம்."

"வித்துட்டு எங்க போனான்னு கேட்டாங்களா?"

"அது இந்தக் கேஸ்ல வராதும்மா. கார் விஷயம் மட்டுந்தான் கேப்பாங்க. ஆனா உங்களுக்கு நல்ல சேதி. மார்ச் அபராதம் ரத்து. கார் உங்ககிட்ட இல்லன்னு ரெண்டு பக்கமும் பதிஞ்சாச்சு. இனிமே அங்கேயிருந்து உங்க பேருக்கு ஒரு கடுதாசியும் வராது. நிம்மதியா இருங்க."

அவள் கைப்பையைத் திறந்து பர்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பழசு ஏதாவது விட்டுப் போயிருக்கும் தம்பி. நவம்பருக்கு அப்பால ஏதாவது. வேற கார்ல, வேற ஊர்ல. பாருங்க, கட்டிடறேன்."

"இல்லம்மா. எல்லாம் தீர்ந்துபோச்சு."

"லுக்ரேசியா, வா போலாம்" என்றார் பொம்பிலியு.

"ஒரே ஒரு தடவ பாருங்க தம்பி. என் பேரைப் போட்டுப் பாருங்க."

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். பிறகு அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, ஓர்ஷோவா முகவரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.