இடமும் வலமும்

பண்டத்தரிப்பில் ஒரு சிறு பிள்ளையார் கோயில். திருப்பணிக்காகத் தேரைப் பிரித்தபோது பின்பக்கத்துப் பலகையொன்று கறையான் தின்ற மாவாய் உதிர்ந்தது. அதிலிருந்த பிள்ளையாரின் திருவுருவம் ஞானாம்பிகையின் பிலிமில் மட்டுமே எஞ்சியது. சென்ற மாதம் எண்ணெய்க் கறுப்பேறிய அப்பலகையை அவர் தம் பழைய கமராவால் எடுத்திருந்தார்.

சங்கீத ஆசிரியையான அவருக்கு அந்தக் கமரா பூசைப்பொருளுக்கு அடுத்தது. மார்பளவில் தொங்கும் பெட்டி. முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் இரு வில்லைகள். தலை தாழ்த்தியவருக்கே மேற்கண்ணாடியில் உலகம் எழுந்தருளும். சுருளொன்றுக்குப் பன்னிரண்டே படங்கள். அறுபது ஆண்டு கடந்தும், விசையை அழுத்தினால் ஒரு சிறு மூச்சளவே ஓசை.

பிலிமை வீட்டிலேயே கழுவி, யன்னலொளியில் பிடித்து, கைபேசியால் படமாக்கிச் சிற்பத்தச்சன் ஜெயரூபனுக்கு அனுப்பியிருந்தார். தும்பிக்கை வலம்புரி. அதன்படி அவன் புதுப்பலகையில் கரிக்கோடு கீறிவிட்டான். அந்த அளவில் முற்றிய இலுப்பைப் பலகை வேறில்லை, வெட்டினால் வெட்டியதுதான்.

"நாப்பது வருசம் தேருக்குப் பின்னாலை கும்பிட்டுக்கொண்டு போனவன் நான், ரீச்சர்," என்றார் கோயில் தருமகர்த்தா முருகேசு. "அவர் இடம்புரி."

"அண்ணை பிள்ளையாரைப் பாத்தனீங்களோ, மோதகத்தைப் பாத்தனீங்களோ?" என்றான் ஜெயரூபன், உளியைத் தீட்டியபடி.

"உனக்குக் கதை கூடிப்போச்சு."

"வலம்புரிதான்," என்றார் ஞானாம்பிகை. "நான் வடிவாப் பாத்தனான். கமராவுக்குள்ளாலை…"

அவர் குனிந்து கமராவைப் பார்த்தார். மேற்கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டுவது. அது அவர் கைக்குத் தெரியும். அன்று கண் மறந்துவிட்டது. பலகையை அவர் நேரே நின்று பார்த்ததேயில்லை. பிலிமோ இருபுறமும் தெரிவது. யன்னலருகே, நினைவுக்கு ஒத்துவரும்வரை அதைத் திருப்பியவரும் அவரே.

ஜெயரூபன் உளியைக் கோட்டில் ஊன்றினான்.

"பொறு தம்பி."

கைப்பையிலிருந்து பிலிமை எடுத்து வெயிலில் பிடித்தார். அதன் ஓரத்தில், பிலிமைச் செய்தவர்கள் பதித்த சிற்றெழுத்துகள். அவை நேராக வாசிக்க வரும் பக்கமே மெய்ப்பக்கம். எழுத்து நேரானதும், தும்பிக்கை பிள்ளையாரின் இடப்புறம் சுழித்தது.

"முருகேசண்ணை சொன்னதுதான் சரி. பிழை என்ரை."

"அப்ப உங்கடை கமரா பொய் சொன்னதோ, அக்கா?" என்றான் ஜெயரூபன்.

"இல்லை. அது எழுத்தோடைதான் தந்தது. நான்தான் மற்றப்பக்கமா வாசிச்சுப்போட்டன்."

முருகேசு தோளில் சால்வையைச் சரிசெய்தார். "இனி மோதகக் கதை வராது என்ன?"

"வராது அண்ணை," என்று ஜெயரூபன் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தான்.

புதிய கோடு விழுந்தது. முதல் வெட்டைப் படமெடுக்க ஞானாம்பிகை கமராவின் மேல்மூடியைத் திறந்தார். முதலில் அவனை நேரே ஒருமுறை பார்த்தார். உளியை அடிக்கும் மரக்கொட்டாப்புளி வலக்கையில் இருந்தது. பிறகு தலை தாழ்த்தினார். கண்ணாடியின் ஒளியில், ஜெயரூபன் இடக்கையை ஓங்கினான்.