தளவாய் அண்ணாச்சி தையல் பழகுகிறார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐந்தருவிக்குப் போகும் பாதையோரம் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தேன். தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மசாஜ் செய்த தளவாய் அண்ணாச்சி பேசிக்கொண்டே போனார். ஆகவே அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

முதல் வரி முன்பு இப்படி இருந்தது: 'குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்...' குற்றாலத்தை எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் நனைகிறார்கள். அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். அண்ணாச்சிக்கு அறுபது வயதாகிவிட்டது. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருப்பதால் மாத ஓய்வூதியம் வர வேண்டும். அதற்கு முன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வரட்டுமே என்பீர்கள். அண்ணாச்சி பதிந்திருப்பது தையல் தொழிலாளர் என்று. அவருக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

பதிந்தது மனைவி மாரிச்செல்வி. பதிவு முகாம் தென்காசியில் நல்ல சீசனில் நடந்தது. [அருவியில் தண்ணீர் விழும்போது முகாமுக்குப் போகிற மசாஜ்காரர் இந்த வட்டாரத்தில் கிடையாது.] மாரிச்செல்வி நிஜமான தையல்காரர். கணவருக்கும் சேர்த்து அவரே வரிசையில் நின்றார். கணவர் என்ன வேலை என்று கேட்டார்கள். தண்ணீர் விழுந்தால் எண்ணெய் தேய்ப்பார். விழாவிட்டால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார். மார்க்கெட்டும் படுத்துவிட்டால் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுவார். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் கேட்டால் மாரிச்செல்விதான் என்ன செய்வார்?

"அவியளும் தையல்தான்" என்று சொல்லிவிட்டார்.

3

மாரிச்செல்வியைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். பிறகு அழவைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. உண்மையில் அவர் கணவருக்கு மும்முரமாகத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியோ துணியைத் தோள்பட்டை மாதிரி அமுக்கிப் பிடிக்கிறாராம். ஊசி ஒடிந்துகொண்டே இருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றேன். (புத்தி சொல்வது எழுத்தாளர்களுக்கு இலவசம்.)

"சொல்லலாம் சார். இத்தன வருசமும் பொய்யின்னு பேரையே அடிச்சிட்டாவன்னா? தோளு இனி மூட்ட தாங்காது. சீசனும் நெனச்ச நேரத்துக்குத்தான் வருது."

கையை நிறுத்தாமல்தான் சொன்னார்.

4

முதல் முடிவு: வந்த அதிகாரிக்குக் கழுத்துப் பிடிப்பு. அண்ணாச்சி தடவிவிடுகிறார். அதிகாரி சொக்கிப்போய்க் கையெழுத்துப் போடுகிறார். அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அது லஞ்சம்லா சார்" என்றார்.

இரண்டாம் முடிவு: அண்ணாச்சி உள்ளதைச் சொல்கிறார், அதிகாரி மனம் நெகிழ்ந்து— (இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் அவர் கேட்டார்: "நீங்க எந்த வாரியம் சார்?"

இதழ்கள் கேட்டால் கதை எழுதுவேன். கேட்காவிட்டால் பிழை திருத்துவேன். அதுவும் இல்லாவிட்டால் கல்யாண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதித் தருவேன். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் எனக்கும் வரவில்லை.

"ஒண்ணுலயும் இல்லையா? மாரிச்செல்விட்ட சொல்லுதேன். அடுத்த முகாமுல டெய்லர்னு போட்டுருவா."*

* சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

5

இப்போது காலை நேரம், மேலகரத்தில் அவர்கள் வீடு. அண்ணாச்சி மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாரிச்செல்வி நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிறார். வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. வந்த அதிகாரிக்கு முத்துராஜ் என்று பெயர் வைத்தேன். தங்கமானவரா, கறாரானவரா என்று தீர்மானிக்க முடியவில்லை. அதனால் அவருக்குப் பதில் நீங்களே உள்ளே வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்பதும், அவர் பதிலை என்ன செய்வதென்பதும் இனி உங்கள் பாடு.

அவருக்குப் பக்கத்தில், சட்டைப்பையில் பேனாவோடு, தலையைத் தூக்காமல் ஒருவர் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். அவரை மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள்.