நாலு விரல் கொழுப்பு

அவ்பாகிர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே குதிரையேற்ற அன்பர்கள் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே என்பதால் போட்டி இல்லை. வெள்ளிப் பூண் போட்ட சேணம், முழங்கால் பூட்ஸ், நரித்தோல் தொப்பி எல்லாம் வாங்கியான பிறகுதான் ஒரு குதிரையும் வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அப்படி வந்தவன் தார்லான், சாம்பல் நிறத்தான். அவன் தாய்வழியில் அகால்டெக்கே என்ற உயர்சாதிப் பந்தயக் குதிரையின் ரத்தம் என்று முத்திரை குத்திய சான்றிதழ் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. தார்லான் கொட்டடியில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

குதிரைக்காரன் ஜாகிப்புக்கு அதுதான் கவலை.

"அண்ணே, வேலை வாங்காம பார்லியை மட்டும் போட்டா குளம்பு கெட்டுடும். தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வரேனே."

"ஓட்டினா வேர்க்கும். வேர்த்தா மினுமினுப்பு போயிடும். தலைவர் குதிரைக்கு விலா தெரியலாமா? இன்னும் ரெண்டு படி சேத்துப் போடு."

"வயித்துப் பூச்சிக்கு மருந்தாவது வாங்கிக் குடுங்க. மூணு தடவை கேட்டுட்டேன்."

"நம்ம சங்கத்துல எல்லாமே இயற்கை முறை. போன கூட்டத்துல பேசினேனே, கேக்கலையா?"

ஜாகிப் கேட்டிருந்தான். ஒன்றேகால் மணி நேரம் நின்றபடி கேட்டிருந்தான்.

தலைவர் நகரத்துக்குப் போயிருந்த ஒரு நாள், ஜாகிப் சேணமில்லாமல் ஏறி ஆற்றங்கரை வரை தார்லானை விரட்டிப் பார்த்தான். திரும்பி வந்து இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு சர்க்கரைக்கட்டியை எடுத்துத் தார்லானின் வாயில் வைத்தான். இப்படி ஒரு குதிரை மறுபடி தன் கைக்கு வராது என்று தெரிந்துவிட்டது. வசந்தம் வரை உயிரோடு இருந்தால் போதும், யாரையாவது பிடித்துப் பந்தயத்தில் விட்டுவிடலாம். ஆனால் நடுவில் நவம்பர் இருந்தது. பனி விழுந்ததும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு குளிர்காலக் கறிக்குக் குதிரை அறுப்பார்கள். அதுவரை முதுகைத் தட்டிய கைகள் வயிற்றுக்கு அடியில் போகும், கொழுப்பு எத்தனை விரல் என்று அளக்கும்.

முதல் பனி விழுந்த வாரத்தில் சம்பந்தி ஷைமெர்தென் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாசல் மிதிப்பது அதுவே முதல் தடவை. வழக்கப்படி, விருந்துக்கு அறுக்கப்போகும் உருப்படியை விருந்தாளி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அவர் கையேந்தித் துவா சொல்லி ஆசி கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கிடா வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தது.

அதற்கு முன் தேநீர். தேநீரோடு இயற்கை முறைப் பிரசங்கம். பிறகு சான்றிதழ்.

"காகிதத்தைப் பாத்தாச்சு. ஆளைப் பாக்க வேணாமா சம்பந்தி?" என்று எழுந்த அவ்பாகிர், வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஜாகிப்பு, தார்லானைக் கூட்டிட்டு வா."

"சேணம் போட்டுடறேண்ணே."

"எதுக்கு? முதுகு மினுங்கறது தெரியணும். வெறும் தலைக்கயித்தோட கொண்டா."

"அண்ணே, நவம்பர் மாசம். சேணம் போட்டாத்தான் சவாரிக் குதிரைன்னு..."

"நீ தலைவரா, நான் தலைவரா?"

வெறும் தலைக்கயிற்றோடு தார்லான் விருந்தாளி முன் வந்து நின்றான்.

ஷைமெர்தென் கிட்டே வந்தார். வயிற்றுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். "நாலு விரல். நாலுக்கும் மேல. ஒரு ஆடு போதாதா எங்களுக்கு? குதிரையையே நிறுத்திட்டீங்களே சம்பந்தி." இரண்டு கைகளையும் விரித்து, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, பிறக்கப்போகும் பேரனுக்கு என்று நீளமாகத் துவா சொல்லி முடித்தார். துவாவை ஏற்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவ்பாகிரின் கையும் பழக்கத்தில் முகத்துக்குப் போய் வந்துவிட்டது. துவா வாங்கிய உருப்படியைத் திருப்பிக் கட்டுவது விருந்தாளி முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ஜாகிப் முந்திக்கொண்டான். "ஐயா, நேத்துதான் பூச்சி மருந்து குடுத்தேன். நாப்பது நாளைக்குக் கறி ஆகாது."

அவ்பாகிர் தலையை ஆட்டினால் போதும். குதிரையும் தப்பும், அவரும் தப்புவார்.

"மருந்தா?" என்றார் ஷைமெர்தென். "எல்லாம் இயற்கைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவ்பாகிர் தன் பூட்ஸைப் பார்த்தார். பளபளவென்றுதான் இருந்தது. "எங்க சங்கத்துல மருந்துங்கற பேச்சே கிடையாது. இவனுக்குக் குதிரைமேல பாசம். பொய் சொல்றான்."

சம்பந்தி சிரித்தார். "அப்ப கயித்தை இவனே பிடிக்கட்டும். மிரளாம நிக்கும்."

மிரளாமல்தான் நின்றது. கடைசிவரை ஜாகிப்பின் சட்டைப்பையில் சர்க்கரைக்கட்டி தேடியது.

விருந்தில், சான்றிதழுக்கு நேர் கீழே நின்று, மனிதனுக்கும் குதிரைக்கும் உள்ள பந்தம் பற்றி அவ்பாகிர் பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. ஷைமெர்தென் கறித்துண்டின் ஓரத்தில் விரல்களை வைத்து அளந்து, "சொன்னேனா இல்லையா?" என்று பக்கத்து ஆளிடம் காட்டினார்.

மூன்றாம் நாள் தலைவர் கொட்டடிக்கு வந்தார்.

"மனசே சரியில்ல ஜாகிப்பு. வசந்தத்துல புதுசா ஒண்ணு வருது. சான்றிதழ்ல ரெண்டு முத்திரையாம். பாத்துக்க, விலா மட்டும் தெரியக் கூடாது."

"சரிண்ணே."

ஜாகிப் வெள்ளிப் பூண் சேணத்தை இறக்கித் தூசி தட்டினான். அடிக் கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தான். தார்லானின் ஒரு சாம்பல் முடிகூட ஒட்டியிருக்கவில்லை.